ஓங்கிய கை

மார்ச் 4, திங்கள்

காலையில் ஒன்பது 'பி'யில் ஒருத்தன் இன்னொருத்தன் தொடையில் காம்பஸைச் செருகிவிட்டான். காரணம், ரப்பர். ஒரு ரப்பர்! குத்தினவனை பி.டி. மாஸ்டர் பிடரியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். அவன் கால் தரையில் படவில்லை. குத்துப்பட்டவனை ஆயா ஈரத்துணியோடு பின்னால் கூட்டிவந்தார். வராந்தா நெடுக ரத்தச் சொட்டு. துடைப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஒற்றைக் காலால் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டே போனார்கள்.

சாயங்காலம் ஸ்டாஃப் மீட்டிங். இந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்த அன்றே பிரம்புகளையெல்லாம் வாங்கி ஸ்டோர் ரூமில் பூட்டினேன். அதற்குப் பதிலாக வாரம் ஒரு உத்தி சொல்லித் தருகிறேன். இன்றையது: கேள்வி கேட்டதும் உடனே யாரையும் எழுப்பாதீர்கள், வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் காத்திருங்கள், மந்தமான பிள்ளையும் யோசிக்கட்டும்.

கணக்கு சார் — பிள்ளைகள் வைத்த பெயர் 'சுத்தியல்' — கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "நான் காத்துட்டு நிக்கிற நேரத்துல அவனுங்க ஒருத்தன ஒருத்தன் குத்திக்கிட்டா, மேடம்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கோபம்.

ஆசிரியர் அறையில் ஒரு அலமாரி வைத்திருக்கிறேன். அட்டைப்பெட்டி கிழித்து நானே வெட்டின பின்னத் துண்டுகள், சொல் அட்டைகள், வினாக் கட்டுகள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இதுவரை எடுத்தது தூசிதான்.

மார்ச் 6, புதன்

அலமாரியில் ஒரு கட்டு குறைந்திருந்தது. குதித்துவிட்டேன். பிறகு பார்த்தால், மேசை ஆடுகிறது என்று பி.டி. மாஸ்டர் அதை மேசைக்காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 8, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மூன்றாவது பீரியடில் ஒரு சத்தம். பெஞ்ச் விழுந்தது என்று நினைத்தேன். பெஞ்ச் இல்லை.

ஒன்பது 'பி'யில் ஒரு பெண் இருக்கிறாள். வாய் ஓயாது, அதனால் ரேடியோ என்று கூப்பிடுவார்கள். கணக்கு சார் கேள்வியை முடிக்கும் முன்பே விடையைச் சொல்லியிருக்கிறாள். சரியான விடை. "அவசரக்குடுக்க, காத்திரு" என்று அவர் அதட்ட, அவள் சொன்னாளாம்: "நீங்கதான் சார் காத்திருக்கணும். பெரிய மேடம் மீட்டிங்ல அப்படித்தான் சொன்னாங்க, ஜன்னல் வழியா கேட்டுச்சு."

வகுப்பே சிரித்திருக்கிறது. அவர் அறைந்திருக்கிறார். என் வாய்ச்சொல் அவள் வாய் வழியாகப் போய் அவள் காதிலேயே விழுந்துவிட்டது.

நான் போனபோது மேசைக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் மெல்லிசாகக் கழுத்துக்கு இறங்கி, காலரை நனைத்திருந்தது. அழவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசுவது கேட்கவில்லை என்று அப்புறம்தான் புரிந்தது.

ஆஸ்பத்திரியில், "விழுந்துட்டாளா?" என்று கேட்டார் டாக்டர். அவளுடைய அம்மா பக்கத்தில் நின்றாள், சலவைக் கடையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தாள், கையில் சோப்பு நுரை காய்ந்திருந்தது.

"இல்ல டாக்டர். எங்க வாத்தியார் அடிச்சார்" என்றேன்.

செவிப்பறை கிழிந்திருக்கிறது. உள்ளேயும் அடி. திரும்பக் கேட்குமா என்று சொல்ல முடியாதாம்.

திரும்பி வந்து கணக்கு சாரைக் கூப்பிட்டேன்.

"ஒரு அறைதான் மேடம்."

"அவளுக்கும் ஒரு காதுதான் சார் போச்சு."

சஸ்பெண்ட் செய்துவிட்டேன். "மத்தவங்க அடிக்கலியா? என்ன மட்டும் ஏன்?" என்று கேட்டார். திங்கட்கிழமை வந்து தன் சாமான்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 13, புதன்

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணல். மெதுவாகத்தான் வரும்.

திங்கட்கிழமை காலை ரேடியோவின் அப்பா வந்தார். சந்தையில் மூட்டை தூக்குகிறவர். பெட்டி நெம்புகிற இரும்புக் கம்பியைச் சட்டைக்குள் செருகியிருந்திருக்கிறார், வாட்ச்மேன் பார்க்கவில்லை. நேராக ஆசிரியர் அறை. கணக்கு சார் தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

கத்தல் கேட்டு நான் ஓடினேன். உள்ளே போகும்போதே முதல் அடி விழுந்துவிட்டது. தாடையில். அந்தச் சத்தம் — காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி. வேண்டாம், எழுத வேண்டாம்.

எழுதத்தான் வேண்டும்.

கணக்கு சார் அலமாரியைப் பிடித்துக்கொண்டே சரிந்தார். அலமாரியும் சேர்ந்து விழுந்தது. அட்டைகளெல்லாம் அவர் மேல். வாயிலிருந்து ரத்தமும் பல்லும். ரேடியோவின் அப்பா அவர் நெஞ்சில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டார்: "எந்தக் கைடா? எம்புள்ளய அடிச்சது எந்தக் கை? நீட்டு!"

கணக்கு சார் நீட்டினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எத்தனை வருஷமாகப் பிள்ளைகளிடம் 'கைய நீட்டு' என்று சொன்னவர்! பிள்ளைகள் எப்படி நீட்டுமோ அப்படியே, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நீட்டினார்.

கம்பி ஓங்கினபோது நான் நடுவில் போய்விட்டேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. கால் போயிற்று, போனேன். அடி என் முழங்கைக்குக் கீழே விழுந்தது. வலி உடனே வரவில்லை. என் கை மடங்கக் கூடாத ஒரு திசையில் மடங்கியிருப்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

கம்பி கீழே விழுந்தது. "அம்மா, உங்கள இல்லம்மா... உங்கள இல்ல" என்று அவர் தரையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதார். போலீஸ் வரும்வரை அப்படியே இருந்தார். அட்டைகளை மிதித்துக்கொண்டே கூட்டிப்போனார்கள்.

மார்ச் 15, வெள்ளி

வீட்டுக்காரர்தான் எனக்குத் தலை பின்னிவிடுகிறார். ஒரு பக்கம் கயிறு, ஒரு பக்கம் காக்காய்க் கூடு. "இதோட ஸ்கூலுக்குப் போனா ஒரு பய பேச மாட்டான், பயந்துருவான்" என்கிறார். சிரித்தேன். பிறகு, "வேலைய விட்டுடேன்மா" என்றார். அதற்குச் சிரிக்கவில்லை.

மார்ச் 18, திங்கள்

கட்டுப்போட்ட கையோடு மீட்டிங்குக்குப் போனேன். யாரும் உட்காரவில்லை. பி.டி. மாஸ்டர்தான் பேசினார்.

"குச்சிய எடுத்துட்டுப் போனீங்க. இப்ப கம்பி வந்திருக்கு. ஸ்டோர் ரூம் சாவியக் குடுங்க மேடம்."

தாளாளர் மூலையில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்: "இன்னொரு தடவ ஏதாவது ஆச்சுன்னா நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க. கணக்கு வாத்தியார் மேல எடுத்த நடவடிக்கைய நான் ரத்து பண்றேன். பரீட்சைக்கு ஆள் வேணும்."

நான் கேட்டது ஒன்றுதான். ஒரே ஒரு பாடம். ஒன்பது 'பி'க்கு, நானே எடுக்கிறேன். எல்லாரும் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். குச்சி இல்லாமல் முடியுமா முடியாதா என்று பார்த்துவிட்டு சாவியைப் பற்றிப் பேசலாம்.

சொல்லும்போது நிமிர்ந்துதான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பாடக்குறிப்பை எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிறேன்.

மார்ச் 21, வியாழன்

அடித்துவிட்டேன்.

நான். அடித்துவிட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே விட்டேன். பலகையில் சின்னக் கேள்வி. ஆசிரியர்கள் பின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவின் இடம் காலி. நான் பலகைப் பக்கம் திரும்பினதும் பின்னால் 'பட்'டென்று ஒரு கைதட்டல். அறைகிற சத்தம் மாதிரி. திரும்பினால் எல்லா முகமும் சாது. மறுபடி திரும்பினேன், மறுபடி 'பட்'. யாரோ "ஐயோ காது!" என்று முனக, சிரிப்பு. பின் பெஞ்சிலிருந்தும் ஒரு சிரிப்பு — ஆசிரியர் சிரிப்பு.

குரலைத் தாழ்த்தினேன். பக்கத்தில் போய் நின்றேன். காத்திருந்தேன். நான் ஊருக்கெல்லாம் சொன்னது எல்லாவற்றையும் செய்தேன். அப்போது காம்பஸால் குத்தினவன் எழுந்தான்.

"மேடம், ஒரு கைதான ஒடஞ்சிருக்கு. இன்னொன்னு இருக்குல்ல? அடிங்க, சீக்கிரம் முடிச்சுட்டு பாடத்துக்குப் போலாம்."

டஸ்டர் என் இடது கையில் இருந்தது. எப்போது எறிந்தேன் என்று தெரியவில்லை. மரப்பக்கம் அவன் புருவத்தில் பட்டது. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. அவன் அழவில்லை, தலையை ஆட்டினான். 'நான் சொல்லல?' என்கிற மாதிரி.

எறிந்த அந்த நொடியில் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? சுகமாக இருந்தது. இதை யாரிடம் சொல்வேன்?

மார்ச் 22, வெள்ளி

பையனுக்குத் தையல் போட்டிருக்கிறார்கள். அவனுடைய அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் எனக்கு நாற்காலி துடைத்துப் போட்டு, "இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம் மேடம், இவங்கப்பா அடிக்கிறதுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்றாள். சட்டையைத் தூக்கி அவன் முதுகைக் காட்டினாள், பெருமையாக. பெல்ட் தடங்கள். பழசின் மேல் புதுசு.

தாளாளரிடம் என்மேல் நானே புகார் எழுதிக் கொடுத்தேன். "கீறல்தான மேடம், ஏன் பெருசாக்குறீங்க" என்று மடித்து டிராயரில் போட்டுவிட்டார். போகச் சொல்லுவார் என்று நினைத்தேன். இப்போதுதான் என்னை அவருக்குப் பிடித்திருக்கிறது போல.

மாலையில் ஆசிரியர் அறை. ஸ்டோர் ரூம் சாவியை மேசைமேல் வைத்தேன். "இன்னிக்கு உத்தி எதுவும் இல்ல. நேத்து நீங்க பாத்ததுதான். அதுக்கு முன்னாடி எனக்குள்ள என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். காது சூடானது, பல்லைக் கடித்தது, பின் பெஞ்ச் சிரிப்பு, சுகம் — சுகத்தையும் சொன்னேன்.

முதலில் சயின்ஸ் மிஸ், சின்னப்பெண், இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை, தன் விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் காதுக்குப் பின்னால கிள்ளுவேன் மேடம். நகத்தால. அங்க கிள்ளுனா தெரியாது."

ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தது. ஸ்கேல் விளிம்பு. முட்டியில் சாக்பீஸ் டப்பா. எப்போது கை ஓங்கும், எந்த பீரியடில், யாரைப் பார்த்தால். பி.டி. மாஸ்டர் எழுந்து கதவு வரை போய், அங்கேயே நின்று, "சாப்பாட்டுக்கு முந்தின பீரியடுதான் எனக்கு. பசி" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சாவியை யாரும் எடுக்கவில்லை. என்னிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. மேசைமேலேயே கிடக்கிறது.

ஏப்ரல் 3, புதன்

கணக்கு சார் திரும்பிவிட்டார். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். வாய் திறக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்கிற கஞ்சிதான். ஆளே பாதி. ஒன்பது 'பி'யில் நுழைந்ததும் "ம்ம்ம்!" என்று அதட்டினார். மாடு கத்துகிற மாதிரி இருந்தது. சிரிப்பு. கை ஓங்கிப் போய் மேசையில் குத்தினார், குத்தின அதிர்ச்சி தாடைக்குப் போய், அங்கேயே மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். சிரிப்பு நின்றுபோனது.

மத்தியானம் என் அறை வாசலில் வந்து நின்றார். துண்டுத்தாளில் எழுதி நீட்டினார்: 'அந்தப் பின்ன அட்டைகள் மிச்சம் இருக்கிறதா?'

இருந்தது. சிலதில் கறை போகவில்லை. அவருடைய கறைதான். பார்த்தார், எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

ரேடியோ வந்தாள். அவளுடைய அப்பா இன்னும் உள்ளேதான். "அந்தக் காதுல மோட்டார் ஓடுற மாதிரியே இருக்கு மிஸ்" என்றாள். வேறு வகுப்புக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். "நான் ஏன் போகணும்?" என்றாள். நியாயம்தானே. இப்போதெல்லாம் யாரும் அவளை ரேடியோ என்று கூப்பிடுவதில்லை. அவளும் அதிகம் பேசுவதில்லை.

ஏப்ரல் 17, புதன்

எட்டாம் வகுப்பில் இன்று ஒரு அடி. சயின்ஸ் மிஸ் தானே வந்து சொல்லிவிட்டு அழுதாள். கணக்கு சார் வகுப்பில் சாக்பீஸ் தேய்கிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. எழுதுகிறார், காத்திருக்கிறார். வேறு வழி இல்லை அவருக்கு.

ஏப்ரல் 26, வெள்ளி

தாடைக் கம்பியை நேற்று எடுத்துவிட்டார்கள். இன்று அவருக்குக் குரல் இருக்கிறது. ஒன்பது 'பி' வாசலுக்கு வெளியே, பார்க்காத மாதிரி நின்றேன்.

பாடம் நடந்துகொண்டிருந்தது. குரல் கொஞ்சம் குழறல். பின்னால் எவனோ டிபன் டப்பாவைத் தள்ளிவிட்டான். தரையில் விழுந்து உருண்டது. கணக்கு சார் சட்டென்று திரும்பினார், வலது கை தோளுக்கு மேல் போய்விட்டது. நான் ஒரு கால் உள்ளே வைத்துவிட்டேன். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள்தான், அன்று அவர் அறைந்த அதே பெண். இரண்டு கையாலும் தலையை மூடிக் குனிந்துவிட்டாள்.

வகுப்பு முழுக்க அந்தக் கையையே பார்த்தது. அவரும் பார்த்தார்.

கை இறங்கியது. ஏதோ கேட்டார் அவளிடம், மெதுவாக. கணக்குதான்.

"கேக்கல சார்" என்றாள், குனிந்தபடியே.

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு அவளுடைய வலது பக்கம், கேட்கிற காதுப் பக்கம் போய் நின்றார். அதே கேள்வியை மறுபடி கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அவள் ஒரு கையை மட்டும் இறக்கினாள்.