உன் சித்திக்குத் திருப்தியான வகுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேத்தி மூவரும் சுகமென்றே வைத்துக்கொள்கிறேன், நீயாக எழுதிச் சொல்லப்போவதில்லை.

பேத்தியோடு அவள் பாஷையில் நான் பேசட்டும் என்று நீ என்னைச் சேர்த்துவிட்ட ஆன்லைன் வகுப்பு முடிந்தது. குழந்தைக்குத் தமிழ் சொல்லிக்கொடு என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே சொன்னேன், அப்புறம் பார்க்கலாம் என்றாய், பச்சைப் போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாய், போகட்டும். உன் சித்தியும் வந்து ஒட்டிக்கொண்டாள், என் புதுக் குடையின் கம்பியை உடைத்துவிட்டு வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்று சாதித்த அதே சித்தி. செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் படித்தோம். எனக்கு ஒருதரம் கேட்டால் போதும், அப்படியே மனசில் உட்கார்ந்துவிடும். அதனால் மூன்றாம் பாடத்து ஜோக்கையே டீச்சர் ஏழாம் பாடத்திலும் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் சித்தி இரண்டு தரமும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்கு எல்லாப் பாடமும் புதுசு. கடைசியில் திருப்தியா என்று கேட்டு நட்சத்திரம் போடச் சொன்னார்கள். அவள் ஐந்து போட்டாள், நான் இரண்டு. டீச்சரே போனில் கூப்பிட்டுக் காரணம் கேட்டார், பாடம் பாடமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மறந்து மறந்து படிக்கிறவங்களுக்குன்னு செஞ்ச பாடம்மா இது” என்றார்.

போன வாரம் நீ பேத்தியை வீடியோவில் காட்டினாயே, பெயர் கேட்பாள், வயது கேட்பாள், வீட்டில் எத்தனை அறை என்று கேட்பாள் என்று பாட வரிசைப்படி தயாராக இருந்தேன். அவள் வந்ததும் வராததுமாக விழுந்த பல்லைக் காட்டி ஏதோ கேட்டாள். பல் எந்தப் பாடத்திலும் வரவில்லை. நான் எல்லாப் பாடத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்குள், உன் சித்தி என் தோளுக்கு மேலே தலையை நீட்டி, தெரிந்த நாலு வார்த்தையையும் தப்புத்தப்பாகச் சொல்லி, தன் பல்செட்டைக் கழற்றிக் காட்டினாள். அதற்கப்புறம் குழந்தை என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது உன் சித்தி, “நீங்க சரியாச் சொல்லணும்னு பாக்கிறீங்கக்கா, எனக்கு எது சரின்னே தெரியாது, அதான் வந்துடுது” என்று ஆறுதல் வேறு சொன்னாள். இதையும் நான் மறக்கப்போவதில்லை.

சனிக்கிழமை காலையில் உன் சித்தி கண் டாக்டரிடம் போகிறாள், அந்த நேரம் பார்த்துக் கூப்பிடு. மூவருக்கும் என் ஆசிகள், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. பல்லுக்கு அந்தப் பாஷையில் என்ன சொல்வார்கள் என்று உடனே எழுதி அனுப்பு, அடுத்த பல் ஆடுகிறதாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்