சவுக்கு பிடித்தவன் காலிலும் வளையம்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் சிறை மியூசியத்தில் சவுக்கு வைத்திருக்கிற ஆளுயரப் பொம்மையின் காலிலும் இரும்பு வளையம் இருக்கிறது. மரச்சட்டத்தில் கட்டிப்போட்ட பொம்மைக்கு இருப்பது போலவே. இத்தனை மாதமாக இரண்டையும் துடைக்கிறேன், இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. கணுக்காலில் ஒரு துணியைச் சுற்றி மறைத்திருந்தார்கள். துணி நைந்து விழுந்துவிட்டது.

பொம்மை செய்தவர்கள் தவறாகப் போட்டுவிட்டார்களா? அடிக்கிறவன் எப்படிக் கைதியாக இருப்பான்?

யாரிடமாவது கேட்க வேண்டும். கேட்கமாட்டேன், அதுவும் தெரியும்.

மார்ச் 4, புதன்

கேட்டாயிற்று. அதாவது, என்னோடு அங்கேயே துப்புரவு வேலை பார்க்கிற சித்தி கேட்டாள். நான் துடைப்பத்தோடு அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு கைடு அண்ணனைக் கூப்பிட்டாள். "தம்பி, இவளுக்கு என்னவோ சந்தேகம். இவ வாயைத் திறக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும், நீங்களே சொல்லிடுங்க."

அண்ணன் சொன்னது: இந்தச் சிறை, தூர தேசங்களிலிருந்து கப்பலில் நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகளுக்காகக் கட்டியது. கைதிகள் ஆயிரக்கணக்கில், அதிகாரிகளோ கொஞ்சம் பேர். அதனால் கைதிகளிலேயே அடங்கி நடப்பவர்களாகப் பொறுக்கி மேஸ்திரி ஆக்கினார்கள். தனிச் சாப்பாடு, தனிப் படுக்கை. மற்றவர்களை வேலை வாங்குவது, மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது, அடிப்பது எல்லாம் இவர்கள் பொறுப்பு. கால் வளையத்தை மட்டும் கழற்றவில்லை.

பிறகு ஏன் பார்க்க வருகிறவர்களிடம் இவனை வார்டர் என்று சொல்கிறீர்கள் என்று சித்தி மடக்கினாள்.

"அவங்களுக்கு ஒரு கெட்டவன் வேணும்க்கா. கைதியைக் கைதியே அடிச்சான்னு சொன்னா குழம்பிப் போவாங்க."

நான் குழம்பித்தான் போயிருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

புதுத் துணி சுற்றச் சொன்னார் மேனேஜர் மேடம். சுற்றினேன்.

மார்ச் 9, திங்கள்

வாசல் கடையில் ஒரு பெட்டி கீசெயின் காணாமல் போய்விட்டது. குட்டிக் கைவிலங்கு தொங்குமே, அது. வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டபோது என்மேல்தான் சந்தேகம் என்று நினைத்தேன். ஆனால் மேடம் உட்காரச் சொன்னார். "நீ யார்கிட்டயும் வாய் குடுக்கிறதில்ல. உன்னால வம்பு வராது. அதான் உன்னை வைக்கலாம்னு நினைச்சேன்."

நாளையிலிருந்து மாலையில் பின்வாசலில் எனக்கு மேசை, நாற்காலி, கழுத்தில் அட்டை. துப்புரவுப் பெண்கள், கேன்டீன் பெண்கள் எல்லோருடைய பையையும் திறந்து பார்க்க வேண்டும். ஆபீஸ்காரர்களும் கைடுகளும் முன்வாசல் வழியாகப் போவார்கள், அவர்களுக்கு இது இல்லை.

என் தலை ஆடியது. நான்தான் ஆட்டினேனா?

வீட்டுக்கு வந்து சித்தியிடம் இது வேண்டாமே என்றேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "உன்னை அங்க சேர்த்துவிட்டதே நான். நீ முறுக்கிக்கிட்டா என்னையும் சேர்த்துத்தான் அனுப்புவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் என்னத்தைச் சாப்பிடுறது? எவளோ ஒருத்தி வந்து நோண்டுறதுக்கு நம்ம பொண்ணு நோண்டிட்டுப் போகட்டும். நீன்னா பார்த்தும் பாக்காம விட்டுடுவே."

அது சரி என்றுதான் பட்டது. சரியா?

மார்ச் 10, செவ்வாய்

சீப்பு, மாத்திரை அட்டை, மடித்து வைத்த உள்பாவாடை, யாருடைய குழந்தையுடையதோ ஒற்றைச் செருப்பு. இதையெல்லாம் நான் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?

"ஆபீசரம்மா, நல்லாப் பாருங்க, ஜெயிலையே சுருட்டி உள்ள வச்சிருக்கேன்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். சித்திதான் அதிகம் சிரித்தாள்.

நாற்காலி நன்றாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. காலையிலிருந்து நின்ற கால். உட்கார்ந்ததும் அப்பாடா என்று இருந்தது.

மார்ச் 12, வியாழன்

கேன்டீன் அக்காவின் பையில், துண்டுக்கு அடியில், ரொட்டியின் ஓரங்கள். வெட்டிப் போட்டவை, குப்பைக்குப் போக வேண்டியவை. மேடம் எனக்குப் பின்னால் போன் பேசிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நான் ஜிப்பை இழுத்து மூடியிருக்கலாம்.

எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "பாப்பா, இது தினம் கொண்டு போறதுதானே. உனக்கும் குடுத்திருக்கேனே" என்றாள், மெதுவாக. அதற்குள் மேடம் திரும்பிவிட்டார். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏன் எடுத்து வச்சேன்? பயந்துட்டேனா? பயம்னா கை நடுங்கணும் இல்ல? நடுங்கலையே. யாரும் எடுன்னு சொல்லலையே. எனக்கே ஒண்ணும் புரியல.

மார்ச் 13, வெள்ளி

மதியம் நான் போய் உட்கார்ந்ததும் எல்லோரும் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்கள். சித்தி போகவில்லை. கை கழுவும்போது, "பார்த்தும் பாக்காம விடுன்னு எந்த பாஷையில சொல்லணும் உனக்கு?" என்றாள்.

மார்ச் 16, திங்கள்

இன்றைக்கு நானே கேட்டேன். கைடு அண்ணன் பொம்மைகளுக்கு முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்க் கேட்டேன். "இவன் மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

அண்ணன் பேந்தப் பேந்த விழித்தார். நான் பேசி அவர் கேட்டதே இல்லை. "சொன்னா இவன் மரச்சட்டத்தில, இன்னொருத்தன் கையில சவுக்கு. மெதுவா அடிச்சாக்கூட அதே கதிதான்."

அப்படி யாராவது சொன்னார்களா என்றேன். சொல்லியிருப்பார்கள், ஆனால் அவர்களைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். அதற்குள் ஒரு கூட்டம் வந்துவிட்டது. "இதோ பாருங்க, ஈவு இரக்கமே இல்லாத வார்டர்" என்று ஆரம்பித்தார். எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள்.

மேஸ்திரியை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் அடித்தானே. அடி வாங்குகிறவன் முதுகுக்கு, அடிக்கிறவன் காலில் வளையம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அவனும் முதல் நாள் இரவு தனிப் படுக்கையில் படுத்தபோது அப்பாடா என்றிருப்பானோ.

மார்ச் 18, புதன்

கீசெயின் பெட்டி கிடைத்துவிட்டது. ஆபீஸ் அறையிலேயே, பழைய மின்விசிறிக்குப் பின்னால். யாரோ அங்கே வைத்துவிட்டு மறந்திருக்கிறார்கள். மேடம் சிரித்துச் சிரித்து எல்லோரிடமும் சொன்னார்.

எனக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. "அப்ப இனிமே பையெல்லாம்..." என்று இழுத்தேன்.

"அது இருக்கட்டும்மா. எல்லாரும் பழகிட்டாங்க இல்ல?"

ஆமாம், பழகிவிட்டார்கள். மாலையில் நான் சொல்வதற்கு முன்பே ஒவ்வொருத்தியும் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனாள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் ஏன் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்? எதைத் தேடுகிறேன்?

மார்ச் 19, வியாழன்

கேன்டீன் அக்கா நாளைக்கு வருகிறாள்.

அந்த மேசையில் இனி உட்கார முடியாது என்று சித்தியிடம் சொன்னேன். மேடத்திடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னேன். சித்தி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "என் வேலையும் போச்சுன்னா?" என்றாள்.

நான் தட்டுகளைக் கழுவி வைத்தேன். போய்ப் படு என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி

மாலை மேசைக்குப் போனபோது வரிசை நின்றுகொண்டிருந்தது. கேன்டீன் அக்காதான் முதலில். வாயைப் பிளந்துகொண்டு பை மேசைமேல் இருந்தது. அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் படியில் நின்றார்.

சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

ஜிப்பை இழுத்து மூடி, பையை அக்காவின் கையில் கொடுத்தேன். அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். "என்னம்மா, என்ன பண்றே?" என்றார் மேடம். என் பையை எடுத்துக்கொண்டு, சித்தியைத் தாண்டி, வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.