மூன்று அலைவரிசையிலும் அவன்

பிப்ரவரி 11

அம்மா மாடிப்படியில் பாதி ஏறி நின்று கேட்டாள். "மறுபடியும் எதுக்குடி அந்தக் கம்பி?"

"சும்மாதான்மா. பொழுது போகலை" என்றேன்.

சொல்லாமல் விட்டது இது: அண்ணன் போனதிலிருந்து மாடி அறையில் ஒரு சத்தமும் இல்லை. கீழே உட்கார்ந்து மெய்ப்புத் திருத்தும்போது அந்த அமைதி கூரை வழியாக என் தலைமேல் இறங்குகிறது. அதில் எத்தனையோ ஒற்றுப்பிழைகளைத் தவறவிட்டிருக்கிறேன். பதிப்பகத்தில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சொல்லியிருந்தால், "போனதிலிருந்துன்னு சொல்லாதே" என்றிருப்பாள். அண்ணன் கப்பலில் மின்வேலை பார்த்தவன். போன மழைக்காலத்தில் கப்பல் மூழ்கியது. சிலரை உயிரோடு மீட்டார்கள், சிலரை உடலாக. அவன் இரண்டிலும் இல்லை. அதனால் அம்மாவுக்கு அவன் 'வருவான்'. அப்பாவுக்கு அவன் என்ன என்று எனக்குத் தெரியாது. அப்பா அவனைப் பற்றிப் பேசுவதே இல்லை.

காற்றில் அறுந்து கிடந்த மாடி ரேடியோவின் ஆன்டெனாக் கம்பியை நானே ஒட்டுப்போட்டு ஏற்றினேன். ஒரு முனை எங்கள் கைப்பிடிச் சுவரில் உள்ள சின்னப் பெட்டியில். மறுமுனை, நைலான் கயிற்றில், பக்கத்து வீட்டு வக்கீலின் தண்ணீர்த் தொட்டித் தூணில்.

"இதுல துணி காயப்போடலாமாம்மா?" என்றார் வக்கீல்.

"போடலாம் சார். உங்க கோட்டு வெளிநாட்டு நியூஸ் எல்லாம் படிக்கும்."

"அப்பவாவது கேஸ் ஜெயிக்குதான்னு பார்ப்போம்" என்று அவரே கயிற்றை இழுத்துக் கட்டினார்.

பிப்ரவரி 12

கம்பியைச் சோதிக்கும் மீட்டரில் முள் நன்றாகக் கீழே படுத்தது. கம்பி சரியாகத்தான் இருக்கிறது. ரேடியோவில் வெறும் இரைச்சல். அதற்கே கண் கலங்குவானேன்?

பிப்ரவரி 13

இந்தக் கம்பியைப் பற்றி எழுதி வைக்கிறேன், மறந்துவிடும்போல் இருக்கிறது. இருபது மீட்டர் நீளம். ஏழு மெகாஹெர்ட்ஸுக்காக அளந்து வெட்டியது. ஆனால் அதன் மடங்குகளான பதினான்கு, இருபத்தொன்று, இருபத்தெட்டு எல்லாவற்றுக்கும் அதுவே இசைந்து கொடுக்கும். "ஒரே மாப்பிள்ளை, நாலு வீட்டுக்கும் விருந்தாளி" என்பான் அண்ணன். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் புள்ளியும் கோடுமாகப் பேசும் மோர்ஸ் கற்றோம், ஒன்றாகத்தான் ஹாம் ரேடியோ உரிமத் தேர்வு எழுதினோம். அவன் கை வேகம். என் கை சுத்தம். அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு: காற்றில் தன் பெயராக அடிக்கும் அழைப்புக்குறியின் கடைசிக் கோட்டை வேண்டுமென்றே இழுப்பான். வீட்டை விட்டுப் புறப்பட மனமில்லாதவன் வாசலில் செருப்பைத் தேய்ப்பதுபோல.

பிப்ரவரி 16

காலையில் ரேடியோவை ஏழு மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டு, கீழே வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா கையில் கரண்டியோடு மாடிக்கு ஓடுவது கேட்டது. அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடுகிறாள்!

"அவன்தான்டி."

"யாரும்மா?"

"என் பிள்ளை. எத்தனை வருஷம் சமையல்கட்டுல நின்னு இதைக் கேட்டிருக்கேன். எனக்கா தெரியாது?"

அம்மாவுக்கு மோர்ஸில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் போய்ச் சேரும்போது முடியும் தறுவாய். கடைசி மூன்று எழுத்துகள்தான் கிடைத்தன. அண்ணனின் அழைப்புக்குறி. இழுபட்ட அந்தக் கோடு.

"வேற யாரோம்மா" என்றேன். சோப்பு நுரை கையிலேயே காய்ந்துவிட்டது.

பிப்ரவரி 17

ஒன்றும் வரவில்லை. அம்மா படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 18

வந்தது. முழுவதும் கேட்டேன். எல்லோருக்குமான பொது அழைப்பு, பிறகு அவன் அழைப்புக்குறி இரண்டு முறை. முதல் முறையில் நடுவே ஒரு தடுமாற்றம் - ஒரு புள்ளி அதிகமாக விழுந்து, சுதாரித்துக்கொண்டு போகிறது. அவன் அவசரத்தில் செய்யும் தப்பு அது. அவனுடையதேதான்.

என்ன யோசிப்பது? அவன் அழைப்புக்குறியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களா? குறியைக் கொடுக்கலாம். கையைக் கொடுக்க முடியுமா?

"பதில் சொல்லுடி! மரம் மாதிரி உட்கார்ந்திருக்கே. அம்மா இங்கதான் இருக்கான்னு சொல்லு!"

அனுப்பினேன். என் அழைப்புக்குறி. பிறகு: யார் நீங்கள். எங்கே இருக்கிறீர்கள். அவசரத்தில் என் சுத்தமான கை கந்தலாகிவிட்டது.

சற்று நேரம் இரைச்சல். பிறகு அதே அழைப்பு. நான் கேட்டது காதிலேயே விழாததுபோல.

"பார்த்தியா, பதில் சொல்றான்" என்றாள் அம்மா.

பிப்ரவரி 20

அம்மா சித்திக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். "கூப்பிடுறான்டி, தினம் காலையில கூப்பிடுறான். எங்கேயோ கரையேறிட்டான். இவதான் ஒழுங்கா கேட்டுச் சொல்ல மாட்டேங்கிறா." அவனுடைய கட்டிலுக்கு வேறு விரிப்புப் போட்டிருக்கிறாள்.

சாப்பிடும்போது அப்பாவிடமும் சொன்னாள். அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். எழுந்து கை கழுவப் போனவர் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"எத்தனை நாளா இப்படிப் பேசுறா?"

"எனக்கும் கேக்குதுப்பா."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நாளைக்கு டாக்டரைப் பாருங்க. ரெண்டு பேரும்."

பிப்ரவரி 22

நேற்றும் இன்றும் பதிவுசெய்தேன். நேற்றையதையும் இன்றையதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். தடுமாற்றம் அதே இடத்தில். அதே நீளம். அதே சுதாரிப்பு. நாளெல்லாம் மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு இது இத்தனை தாமதமாகவா உறைக்க வேண்டும்? எல்லாப் படியிலும் அதே பிழை அதே இடத்தில் இருந்தால் அது அச்சு. உயிருள்ள கை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் தப்புச் செய்யும்.

யாரோ அவனைப் பதிந்து வைத்துப் போடுகிறார்கள்.

யார்? எதற்கு? செத்தவன் அழைப்புக்குறியை வைத்து விளையாட எவனுக்கு மனசு வரும் - இதோ, எழுதிவிட்டேன். 'செத்தவன்'. முதல்முறை எழுதியிருக்கிறேன். கிறுக்கி அழிக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? புது விரிப்புப் போட்டிருக்கிறாளே.

பிப்ரவரி 24

இன்று நடந்தது பயமாக இருந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

அழைப்பு ஏழில் வந்துகொண்டிருக்கும்போதே, ஏனென்று தெரியாமல் பதினான்குக்குத் திருப்பினேன். அங்கேயும் அவன். மெலிதாக, ஆனால் அவனேதான். இருபத்தொன்றுக்குப் போனேன். அங்கேயும். ஒரே தடுமாற்றம், ஒரே இழுப்பு. ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினால் அங்கே அவன் முன்பே வந்து உட்கார்ந்திருப்பதுபோல.

அம்மா மட்டும் அசையவில்லை. "அவன் எல்லா இடத்திலயும் இருக்கான்" என்றாள், சாதாரணமாக, பால்காரர் வந்துவிட்டார் என்பதுபோல.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. சின்னக் கருவிகள் தாம் அனுப்பும் அலையின் இரு மடங்கிலும் மும்மடங்கிலும் கொஞ்சம் கசியும். எங்கள் கம்பி அந்த மடங்குகளையும் பிடிக்கிற கம்பி, அதனால் கசிவையும் பிடித்துக் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கசிவு தொலைதூரம் போகாது. கடலைத் தாண்டி வராது. தெருவைத் தாண்டினாலே பெரிது.

கம்பியை ரேடியோவிலிருந்து பிடுங்கினேன். அப்போதும் ஏழில் தெளிவாகக் கேட்டது.

கூப்பிடும் தொலைவில் இருக்கிறான். அவனை வைத்திருப்பவன்.

பிப்ரவரி 25

கைக்கு அடக்கமான ரேடியோவை எடுத்துக்கொண்டு, காது மூடிய துணிக்குள் ஒயரை விட்டுக்கொண்டு, காலையில் தெருவில் நடந்தேன். வக்கீல் வீட்டுப் பக்கம் குறைந்தது. திரும்பி வந்தேன். மருந்துக்கடை தாண்டியதும் ஏறியது. சைக்கிள் பழுதுபார்ப்பவர் கதவடியில் இன்னும் ஏறியது. தெருமுனையில் காது வலிக்கிற அளவுக்குக் கத்தியது.

தெருமுனையில் இருப்பது அப்பாவின் கடை. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடை.

ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. குனிந்து நுழைந்தேன். அப்பா தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மிஷின் பலகையில் அண்ணனின் சின்ன ரேடியோ, கப்பலுக்குக் கொண்டுபோயிருப்பான் என்று நாங்கள் நினைத்தது. பழுப்பு ரெக்சினில் அழகான உறை போட்டிருந்தது, இரட்டைத் தையல். அதிலிருந்து போன ஒயர், மாதிரி உறைகள் தொங்கும் ஆணிகளின் வழியே கடையைச் சுற்றி ஓடியது. அப்பா பொத்தானை அமுக்கிவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அண்ணன் கூப்பிட்டான்.

என்னைப் பார்த்ததும் துணியை எடுத்து மூடினார். பிறகு, ஏன் மூடினோம் என்பதுபோல அவரே எடுத்தார்.

"கிளம்புறதுக்கு முந்தின நாள் கொண்டுவந்து வெச்சான். 'ஒரு கவர் தைச்சு வைங்கப்பா, அடுத்த லீவுல எடுத்துக்கறேன்'னான். பொத்தானை அமுக்கிக் காட்டினான். 'இது நான்தாம்பா'ன்னான். எனக்கு ஒரு வண்டி அவசரம். தலையைக்கூட நிமிர்த்தலை."

"இந்த ஒயரு?"

"அவன் மாட்டினபடிதான் இருந்துச்சு. சுருட்டி வெச்சா உடைஞ்சிடுமேன்னு ஆணியில மாட்டினேன். ஏன் பாப்பா?"

"அப்பா, இது வெறும் சத்தம்னு நினைச்சீங்களா?"

"பின்னே? டேப் ரிக்கார்டர் மாதிரிதானே?"

"இது வெளியே போகுதுப்பா. காத்துல போகுது. அம்மா கேக்குறது இதைத்தான்."

அப்பா மிஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ... சில நாள் நான் அமுக்கினதும் வேற ஒண்ணு வரும். வேற மாதிரி. தடுமாறித் தடுமாறி. அவன் எனக்குன்னு தனியா ஏதோ சொல்லி வெச்சிருக்கான்னு நினைச்சேன். அதுக்காகவேதான் தினம் வந்து அமுக்கினேன். அது?"

"நான்ப்பா. இந்த ரேடியோ கேக்கவும் செய்யும். அந்த நாள்ல எல்லாம் நான்தான் யாரு நீங்க, எங்கே இருக்கீங்கன்னு அடிச்சுக் கேட்டேன்."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. ரெக்சின் உறையில் நூல் பிசிறு ஒன்று இருந்தது. அதைக் கத்தரிக்கோலால் வெட்டினார். "நீ எதுவும் சொல்லாதே. அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றார்.

பிப்ரவரி 26

அப்பா ரேடியோவைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார். நின்றபடியே எல்லாம் சொன்னார். ஒரு வார்த்தையும் பூசி மெழுகவில்லை.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். "இத்தனை நாளும் உங்ககிட்டயா இருந்தான்?" என்று மட்டும் கேட்டாள். "குடுங்க."

இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா எந்தப் பொத்தான் என்று காட்டினார். அமுக்கினாள். வந்தான். மறுபடி அமுக்கினாள். வந்தான். மூன்றாவது முறை அமுக்கிய விரலை எடுக்கவில்லை. கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடிக்கிற பிடி அது.

நீளமாக ஒரு பீப் கேட்டது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. அந்தப் பொத்தானைத் தொட்டு விட்டால் பேசும். அழுத்திப் பிடித்தால் பழையதைத் துடைத்துவிட்டு, புதியதைக் கேட்கக் காத்திருக்கும்.

"அம்மா, கையை எடு!" என்றேன். எடுத்தாள். மறுபடி அமுக்கினாள். ஒன்றுமில்லை.

"பேட்டரி போச்சா?" என்றார் அப்பா.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. "இல்லப்பா. அழிஞ்சுடுச்சு."

"யாரு அழிச்சா?" என்றாள் அம்மா.

அம்மா தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

பிப்ரவரி 27

என்னிடம் இரண்டு நாள் பதிவு இருக்கிறதே என்று காலையில் நினைவு வந்து மாடிக்கு ஓடினேன். போட்டுப் பார்த்தேன். இருக்கிறது. அழைப்பு இருக்கிறது. அதன் பின்னால் அம்மாவின் குரலும் இருக்கிறது: "வந்துட்டான், வந்துட்டான்." அதை இந்த வீட்டில் யாருக்குப் போட்டுக் காட்டுவது?

வேறொன்றும் செய்தேன். மோர்ஸ் அடிக்கும் சாவியை எடுத்து, அந்த அழைப்பை என் கையால் அடித்துப் பார்த்தேன். தடுமாற்றம் அதே இடத்தில் விழுந்தது. நான் வரவழைக்கவில்லை, தானாக விழுந்தது. கடைசிக் கோடு இழுபட்டது. என் கைதானா என்று கையைத் திருப்பிப் பார்த்தேன். சின்ன ரேடியோவில் இதைப் பதிந்து கீழே கொண்டுபோய்க் கொடுத்தால் அம்மாவால் கண்டுபிடிக்க முடியாது. அப்பாவாலும் முடியாது. போகப்போக என்னாலும் முடியாது.

பதியவில்லை. சாவியின் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டேன்.

மார்ச் 1

காலையில் மூன்று பேரும் அவரவர் இடத்தில் விழித்திருந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 5

சித்தி போன் செய்தாள். அம்மாதான் எடுத்தாள். பையனிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா என்று சித்தி கேட்டது எனக்கே கேட்டது.

"இல்லடி," என்றாள் அம்மா. "அவன் கடல்ல செத்துட்டான்." சித்தி அங்கே அழ ஆரம்பித்தாள். அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடியும்வரை நின்றாள்.