கடைசி அடி கிரேடனுக்கு

ஜனவரி 14
கிரேடன் இன்றைக்கும் என் நாற்காலியில். ஈரப் பூட்ஸ் இரண்டும் என் மேஜைக்கு அடியில். பனி உருகி என் பை ஊறிவிட்டது. சொன்னால், "தண்ணிதானே, காஞ்சிரும்" என்கிறான். இந்த வீடியோ கேமை இவனோடு செய்து முடிப்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

ஜனவரி 17
மறுபடியும் அதே சண்டை. எங்கள் கேமில் போலீஸ் கிடையாது. துறைமுக ஊர் ஒன்றில் பஸ் ஓட்டும் மேவிஸ், முடிவெட்டுகிறவர், ஒரு நர்ஸ் எல்லாரும் சேர்ந்து ரவுடிக் கும்பலை விரட்டுகிறார்கள். சதுரங்கம் மாதிரி நம் ஆட்கள் ஒரு முறை, கும்பல் ஒரு முறை என்று மாறி மாறி அடிக்க வேண்டும். ஜெயித்த புள்ளியை எல்லாருக்கும் பகிர வேண்டும் என்பது என் கட்சி. கடைசி அடி அடித்தவருக்கே முழுவதும் என்பது கிரேடன் கட்சி.
"நர்ஸ் கட்டுப் போடலைன்னா மேவிஸ் எழுந்தே நின்னிருக்க மாட்டா."
"கட்டுப் போடறதை யாரு பாக்கறாங்க? அடிக்கிறதைத்தான் பாப்பாங்க."
பாப்பாங்களாம்! அலுவலகம் அவனுடையது. விதியும் அவனுடையதாகவே போயிற்று.

ஜனவரி 29
டொராண்டோவிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர். மேவிஸை உருவாக்கியது யார் என்று கேட்டார். "ராத்திரி பகலா யோசிச்சேன்" என்றான் கிரேடன். யோசித்தது நான். வரைந்தது ஒடீல். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். நான் ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றேன்?

ஜனவரி 30
நேற்றுச் சொல்லாததையெல்லாம் இன்று பாத்திரம் தேய்க்கும்போது சொல்லித் தீர்த்தேன்.

பிப்ரவரி 6
கும்பல் தலைவனை நான் அமைக்க வேண்டுமாம். சரி, நன்றாகவே அமைக்கிறேன். தன் ஆட்களை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னாலேயே நிற்பான். எதிராளி துவண்ட பிறகு வந்து கடைசி அடி. "நான் பாத்துக்கறேன்!" என்று ஒரு கத்தல் வேறு. ஒடீல் அவனுக்கு ஈரப் பூட்ஸ் வரைந்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். இன்னொன்றும் வைத்தேன் — அவன் ஆட்களை அடிக்காமல் நாம் ஒதுங்கி நின்றால், கொஞ்ச நேரத்தில் அவர்களே அவனை விட்டுப் போய்விடுவார்கள். கிரேடனிடம் அதைச் சொல்லவில்லை.

பிப்ரவரி 20
கிரேடன் விளையாடிப் பார்த்தான். கண்டுபிடித்துவிடுவானோ என்று நானும் ஒடீலும் பின்னாலேயே நின்று பார்த்தோம்.
"பயங்கரமான ஆளுப்பா இவன்! எனக்கு மட்டும் எப்படித்தான் இப்படியெல்லாம் தோணுதோ!"
தன்னையே பார்த்தும் தெரியாத ஜென்மம்.

மார்ச் 12
கேமின் முடிவில் ஓடும் பெயர்களைப் போட்டுக் காட்டினான். உருவாக்கம்: கிரேடன் ஹாப்வெல். நான் 'உதவி'. ஒடீல் 'நன்றி'. மூன்று வருஷ உழைப்பு! நேரே போய்க் கேட்டேன்.
"பேர்ல என்னம்மா இருக்கு, டெல்லா? நாமெல்லாம் ஒரே குடும்பம்."
போடா, நீயும் உன் குடும்பமும்.

மார்ச் 15
அலுவலகச் சாவியை அவன் மேஜையில் எறிந்தேன். ஒடீலும் எறிந்தாள். புரோகிராம் எழுதும் தேவ்லின் தன் காபிக் கோப்பையைக் கழுவிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஏப்ரல் 5
ஒடீலின் சமையலறையில் மூவரும் புது வேலையில் இருந்தோம். கிரேடன் ஃபோன். சனிக்கிழமை கேம் கண்காட்சியில் கூட்டத்துக்கு முன்னால் ஆடிக் காட்ட வேண்டுமாம். தலைவனைத் தாண்ட முடியவில்லையாம்.
"எப்படி அடிச்சாலும் நிக்கிறான், டெல்லா. இவனை எப்படித்தான் தோக்கடிக்கிறது?"
"அவன் ஆளுங்களைத் தொடாதே. ஒதுங்கி நில்லு. அவங்களே விட்டுட்டுப் போயிடுவாங்க."
"போயிடுவாங்களா? ஏன்?"
"தெரியலையா?"
"தெரியலையே. யார்கிட்டயாவது கேக்கலாம்னா, இங்க ஒருத்தரும் இல்ல."