மார்டள்ளியில் அழுத்திய பொத்தான்

விஜயநகர், மைசூரு
11 நவம்பர் 2024

அன்புள்ள செந்தில்,

போனில் கேட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று மார்டள்ளியிலிருந்து செல்லக்கண்ணுவும் அவர் மனைவி தேவம்மாவும் வந்தார்கள். காட்டுப்பன்றியை விரட்ட நீ கண்டுபிடித்த கருவியை அவர்கள் வயலில்தானே நிறுத்தினாய்? அதை நம்பிக் காவல் பரணைப் பிரித்துவிட்டார்களாம். மக்காச்சோளம் முழுவதும் போய்விட்டது. கருவி ஒருமுறைகூடச் சத்தம் போடவில்லை.

"பொட்டியத் தொறந்து பாத்தோமுங்க. பொத்தானுக்கு ஒயரே இல்லைங்க" என்றார் செல்லக்கண்ணு.

"நீங்க கை வெச்சீங்கன்னுதானுங்க நம்புனோம்" என்றாள் தேவம்மா.

உன் அப்பா நேர்மையாக வாழ்ந்த வீட்டில், வந்தவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

திறப்பு விழா மேடையில் அந்தப் பொத்தானை அழுத்தியவள் நான். அன்று சத்தம் எப்படி வந்தது? நேராகப் பதில் சொல்.

ஆசிகளுடன்,
அம்மா

குண்டலுபேட்டை
15 நவம்பர் 2024

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் நினைக்கிற மாதிரி மோசடி இல்லை. பட்டறையில் கருவி நன்றாகவே வேலை செய்தது. விழாவுக்கு முன்னால் மழையில் நனைந்து பழுதாகிவிட்டது. உள்ளே எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்தோம். ஆனால் மந்திரி கொடுத்த தேதியை மாற்ற முடியுமா? பட்டறை லிங்கப்பன் மேடைக்குப் பின்னால் நின்று ஸ்பீக்கரைப் போட்டான். பிறகு சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

தேர்தலில் தோற்றபின் எனக்கென்று இருப்பது இந்தக் கம்பெனி ஒன்றுதான். அரசாங்க ஆர்டர் வரப்போகிறது. அதுவரை யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள்.

உங்கள்
செந்தில்நாதன்

விஜயநகர்
18 நவம்பர்

செந்தில்,

கூரை போடாத பள்ளிக்கூடத்துக்கும் ரிப்பன் வெட்டிப் பழகியவன் நீ. எம்.எல்.ஏ. பதவி போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

நான் படித்த கான்வென்ட்டில் தவறு செய்தவள் வகுப்பின் முன்னால் எழுந்து நின்று தன் வாயால் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மார்டள்ளியில் கோவில் முன்னால் ஊர் கூடுகிறது. நீ வந்து உண்மையைச் சொல். மற்றவர்களும் கருவியை நம்பிப் பரணைப் பிரிப்பதற்குள் சொல். நானும் உன் பக்கத்தில் நிற்கிறேன். நீ வராவிட்டால் தனியாக நின்று சொல்வேன்.

அம்மா

விஜயநகர்
25 நவம்பர்

செந்தில்,

நேற்று கோவில் முன்னால் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தேன். நீ வரவில்லை.

சொல்லிவிட்டேன். கருவி வேலை செய்யாது, நான் அழுத்தியது வெறும் பொத்தான், யாரும் பரணைப் பிரிக்க வேண்டாம் என்றேன். யாராவது திட்டியிருந்தால் தேவலாம். ஒருவரும் திட்டவில்லை.

"ஏனுங்கம்மா, எம்.எல்.ஏ. சார் வரலீங்களா?" என்று தேவம்மா கேட்டாள்.

"காய்ச்சல். படுத்திருக்கிறான்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவ்வளவு சரளமாக வந்தது. உண்மை சொல்லப் போன இடத்தில் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பஸ் ஏறும்போது அவள் ஓடிவந்து ஒரு பொட்டலம் கொடுத்தாள். நிலவேம்பு. "கசாயம் வெச்சுக் குடுங்க, காச்சல் எறங்கீரும்" என்றாள்.

வாங்க மறுக்கவும் முடியவில்லை, இங்கே வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. குண்டலுபேட்டை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதை என்ன செய்வதென்று நீயே முடிவு செய்.

அம்மா