ஒட்டிய தேதி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகர் பார்க்க நீ அனுப்பிய இரண்டு ஸ்ட்ரிப் பெட்டிகளும் நசுங்காமல் வந்து சேர்ந்தன. போனில் பேசினால் தையல் மெஷின் சத்தத்தில் பாதி எனக்குக் கேட்காது, மீதியை நீ ‘சரி சரி’ என்று தள்ளிவிடுவாய். அதனால் வழக்கம்போலக் கடிதம்.

உண்மையைச் சொன்னால் திட்டுவாய். மூன்று மாதமாக எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் சுகர் பார்த்தேன். மற்ற நாளெல்லாம் வாய் உலர்வதையும் கண் மங்குவதையும் வைத்துக் குத்துமதிப்பாக இன்சுலின் போட்டுக்கொண்டேன். ஐம்பது ஸ்ட்ரிப் உள்ள ஒரு பெட்டி வாங்கினால் என் வாரக் கூலியில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ரத்தம் போதவில்லை என்று சுகர் மெஷின் ஒரு ஸ்ட்ரிப்பை வீணாக்கிவிட்டால் அன்றைக்கு நான் யாரோடும் பேச மாட்டேன். விரலில் குத்துகிற ஊசியை ஒரு தடவையோடு தூக்கிப்போட வேண்டுமாம். நான் ஒரு மாதம் வைத்திருந்தேன். மழுங்கிப்போனால் அது குத்தாது, பிய்க்கும்.

நேற்று ஒரு வெள்ளைச் சட்டையின் காலரில் என் விரல் ரத்தம் பட்டுவிட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும், எல்லாத் தையல்காரர்களுக்கும் தெரிந்ததுதான். அதற்குள் முதலாளியம்மா பார்த்துவிட்டாள். சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “ஐயே, சுகர் ரத்தமா?” என்றாள். எறும்பு வந்து மொய்க்கும் என்று நினைத்தாளோ என்னவோ! தினமும் என் கையால் டீ வாங்கிக் குடிக்கிறவள்தான். எனக்கே என் விரல்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எதிர்வீட்டு வேன்கார அண்ணனை உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருக்கும் இன்சுலின்தான். குத்தின விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, “என் சர்க்கரையை நானே சாப்பிடுறேன், யாருக்கு என்ன நஷ்டம்?” என்பார். அவருக்குப் பத்து ஸ்ட்ரிப் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளக் கூச்சப்பட்டார்.

புது வேலை எப்படி? கோடவுனுக்கே மேற்பார்வையாளர் என்றால் சும்மாவா! உன் வீட்டுக்காரியையும் வாலுப் பெண்ணையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு நாளைக்கு ஒரு தடவையா? உனக்கென்ன பைத்தியமா? சுகரால் அம்மாவின் காலை எடுத்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோமே, மறந்துவிட்டாயா? இனிமேல் தினமும் இரண்டு வேளை பார்க்க வேண்டும். மாதம் இரண்டு பெட்டி என் பொறுப்பு. பார்சலில் ஊசிகளும் வைத்திருக்கிறேன், ஒரு தடவை குத்தினால் தூக்கிப்போடு, கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்ட்ரிப்பை யாருக்கும் தானம் செய்யாதே. உனக்காகத்தான் அனுப்புகிறேன்.

வேலை பரவாயில்லை. ஊரிலுள்ள மருந்துக்கடைகளுக்கெல்லாம் இங்கிருந்துதான் சரக்குப் போகிறது. என் கையின் கீழ் ஒன்பது பேர். பெட்டி பிரிப்பது, லேபிள் ஒட்டுவது, கட்டுவது என்று நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும். சம்பளம் பழைய வேலையைப் போல் இரண்டு மடங்கு. வாலுவை நல்ல பள்ளிக்கு மாற்றிவிட்டோம். ஷூவைக் கழற்றாமல் படுக்கிறாள்.

உன் பாதங்களைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்.

அன்புத் தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் உத்தரவுப்படி காலை, மாலை இரண்டு வேளையும் பார்க்கிறேன். நேற்று காலை 131. மெஷினுக்கு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

ஒரு நல்ல சேதி. தெருமுனை மருந்துக்கடையில் நம் ஸ்ட்ரிப் பாதி விலைக்கு வந்திருக்கிறது! அதே கம்பெனி, அதே நீலப் பெட்டி. கடைக்காரர், “ஸ்டாக் நிறைய வந்துடுச்சும்மா, இருக்கும்போதே அள்ளிக்கங்க” என்கிறார். வேன்கார அண்ணன் நான்கு பெட்டி வாங்கிவிட்டார். இத்தனை நாள் ஸ்ட்ரிப்பைக் கத்தரித்து இரண்டாக்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்த மனிதர், இப்போது சாப்பாட்டுக்கு முன், பின் என்று ராஜா மாதிரிக் குத்திப் பார்க்கிறார். ஆனால் நம்பர்தான் ஏறி ஏறி நிற்கிறதாம். “பாக்காத வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்” என்று புலம்பல் வேறு.

அதனால் நீ இனிமேல் சிரமப்பட வேண்டாம். வாலுவின் பள்ளிச் செலவே உனக்குக் கழுத்துவரை இருக்கும். அடுத்த வாரம் கூலி வந்ததும் நானே அந்தக் கடையில் இரண்டு பெட்டி வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நான்கு தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. அந்தக் கடையில் வாங்காதே. கடைக்காரன் ஆள் சரியில்லை என்று கேள்வி. இன்று உனக்கு மூன்று பெட்டி அனுப்புகிறேன், நானே பார்த்து எடுத்தது. இதை மட்டும் உபயோகி. வேறு யாரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். ஏன் எதற்கு என்று கேட்காதே.

தம்பி


ஏப்ரல் 29

தம்பிக்கு,

மூன்று பெட்டிகளும் வந்தன. இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்து படி.

பதினெட்டாம் தேதி காலை வேன்கார அண்ணனுக்கு மெஷின் 340 காட்டியிருக்கிறது. ராத்திரி ஒழுங்காகத்தான் சாப்பிட்டாராம். பயந்துபோய், டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்குப்படி இன்சுலினைக் கூட்டிப் போட்டுக்கொண்டு வண்டி எடுத்திருக்கிறார். வண்டியில் பதினொரு குழந்தைகள். பள்ளிக்கூடத்துக்கு முந்தின திருப்பத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. பின்னாலிருந்த பெண் குழந்தை, “மாமா, வழி இது இல்ல” என்று கத்தியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. வேன் மெதுவாகப் போய்ப் பள்ளிச் சுவரில் இடித்து நின்றது. மெதுவாகப் போனதால் குழந்தைகள் பிழைத்தார்கள். ஒரு பையனுக்குப் பல் போனது, இன்னொருத்திக்கு நெற்றியில் நான்கு தையல்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சோறு இறங்காமல் செய்கிறது. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தள்ளாடியிருக்கிறார். வாய் குளறியிருக்கிறது. பெற்றவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவன், “காலையிலேயே குடிச்சிட்டு ஓட்டுறியாடா?” என்று கன்னத்தில் அறைந்திருக்கிறான். அப்புறம் ஆளாளுக்கு. சேதி கேட்டு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவர் தரையில் கிடந்தார். சட்டைப் பித்தான் எல்லாம் போயிருந்தது, உதட்டில் யாருடைய எச்சிலோ. துப்பியிருக்கிறார்கள், தம்பி. “அவருக்குச் சுகர், குடிக்க மாட்டார், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க” என்று நான் கத்துகிறேன், ஒருத்தி என் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுக்கிறாள். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சுகர் 26. இரண்டு நாள் கண் திறக்கவில்லை. இப்போது திறக்கிறார். மனைவியைப் பார்த்து, “நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?” என்று மரியாதையாகக் கேட்கிறார்.

340 காட்டினவருக்கு, அளவாகத்தான் ஊசி போட்டவருக்கு, 26 எப்படி வரும் என்று டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவர் வீட்டுப் பெட்டியை வாங்கி வந்து என் மேஜையில் வைத்தேன். ஒரே விரல், ஒரே சொட்டு ரத்தம். நீ அனுப்பிய ஸ்ட்ரிப்பில் 126. அவருடைய ஸ்ட்ரிப்பில் 311. மறுபடி குத்தினேன். 124. 298. ஆறு தடவை குத்தினேன். விரலைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அப்புறம் அவருடைய பெட்டியை வெளிச்சத்தில் திருப்பினேன். தேதி இருக்கும் இடம் கொஞ்சம் மேடாக இருந்தது. தையல் பிரிக்கிற கத்தியை ஓரத்தில் விட்டேன், தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் பழைய தேதி. இரண்டு வருஷத்துக்கு முன்பே காலாவதி. பெட்டியின் பின்புறம் உங்கள் கோடவுன் முத்திரை. என் பெட்டியிலும் அதே முத்திரை இருக்கிறது, ஆனால் தேதியின் மேல் எதுவும் ஒட்டவில்லை.

அந்தக் கடையில் வாங்காதே என்று ஏப்ரல் ஆறாம் தேதியே எனக்கு எழுதினாய். எப்படித் தெரியும்? நேராகப் பதில் எழுது.

அக்கா


மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

வேறு நாட்டில் குப்பைக்குப் போக வேண்டிய சரக்கை முதலாளி எடைக்கு வாங்கி வருகிறார். தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் வெயிலில் கிடக்கும். நாங்கள் பழைய தேதியின் மேல் புதிய தேதி ஒட்டி அனுப்புகிறோம். நான் தொடங்கி வைத்ததல்ல, வேலைக்குச் சேர்ந்தபோதே நடந்துகொண்டிருந்தது. முதல் வாரம் எனக்கும் மனசு ஒப்பவில்லை. கேட்டதற்கு முதலாளி, “மாத்திரையா அது, உள்ள போறதுக்கு? வெறும் காகிதம். கொஞ்சம் முன்ன பின்ன காட்டும், யார் சாகப் போறா?” என்றார். அப்புறம் பழகிவிட்டது. நான் விட்டுவிட்டு வந்தாலும் என் இடத்தில் நின்று ஒட்டப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்.

ஆனால் அக்கா, ஒன்றை மட்டும் நம்பு. உனக்கு அனுப்பிய ஒவ்வொரு பெட்டியும் நல்ல சரக்கிலிருந்து என் கையால் பொறுக்கியது. தேதியை இரண்டு தடவை பார்ப்பேன். ஒரு கெட்ட பெட்டிகூட உன் வாசலுக்கு வர விடவில்லை. அது உனக்குப் பெரிதாகத் தெரியவில்லையா?

வேன்கார அண்ணன் விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு யார் பெயரும் இல்லாமல் பணம் அனுப்புகிறேன், நீ உன் பணம் என்று சொல்லிக் கொடுத்துவிடு. வாலுவுக்கு ஒன்பது வயது. அவளை நினைத்துப் பார். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு. எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

என்றும் உன்,
தம்பி


மே 21

தம்பிக்கு,

கடிதத்தை எரிக்கவில்லை. நாலைந்து தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் ‘என் கையால் பொறுக்கியது’ என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். உனக்குத் தெரியாமல் நடந்தது, உன்னை ஏமாற்றி ஒட்ட வைத்தார்கள் என்று எழுதியிருந்தால், பொய்யாக இருந்தாலும் நான் நம்பியிருப்பேன். நம்பக் காத்திருந்தேன். எது நல்லது, எது கெட்டது என்று பெட்டி பெட்டியாகத் தெரிந்துதானே எனக்கு நல்லதை எடுத்து வைத்தாய்? மிச்சத்தையும் அதே கைதானே ஒட்டியது?

அம்மாவின் கால் கட்டைப் பிரிக்கும்போது வீடு முழுக்க அடித்த நாற்றம் உனக்கும் தெரியும். பதினான்கு வயதில் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் என் பக்கத்தில் நின்று பஞ்சு எடுத்துக் கொடுத்தாய். தெரியாத ஒருவன் இதைச் செய்திருந்தால் சபித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நீ செய்தாய் என்றால் எனக்கு என் மேலேயே நாற்றம் அடிக்கிறது. உன் தயவில் 131 வந்தது என்று மெஷினைக் கொஞ்சினவள் நான். அதே வாரம் தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் குத்திக் குத்திப் பயந்துகொண்டிருந்தார்.

நீ அனுப்பிய பணத்தைத் திருப்பிவிட்டேன். மூன்று பெட்டிகளில் இரண்டை வேன்கார அண்ணன் வீட்டில் கொடுத்தேன். அவருக்கு இப்போது சரியான நம்பர் தெரிந்தாக வேண்டும், இந்தத் தெருவில் நம்பக்கூடிய ஸ்ட்ரிப் அதுதான். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க தம்பியா அனுப்பினது? அந்தப் பிள்ளை குடும்பத்தோட நல்லா இருக்கணும்” என்று அழுதாள். சரி என்று தலையாட்டிவிட்டு அவர்கள் வீட்டுக் குழாயடியில் வாந்தி எடுத்தேன். சுகர் கூடிவிட்டதோ என்று பயந்து அவள் என் விரலில் குத்தப் பெட்டியைப் பிரித்தாள். வேண்டாம் என்று ஓடி வந்துவிட்டேன். இனி வாரம் இரண்டு நாள் பொது மருத்துவமனை வரிசையில் நின்று பார்த்துக்கொள்வேன். முதலாளியம்மாவிடம் தாமதமாக வர அனுமதி கேட்டுவிட்டேன். முகம் சுளித்தாள், கொடுத்தாள்.

மூன்றாவது பெட்டியையும், அவருடைய பெட்டியையும், உன் கடைசி இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு இன்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஓர் அதிகாரி முழுவதையும் நிதானமாகப் படித்தார்.

“இதை எழுதினவர் உங்களுக்கு யாரும்மா?”

“தம்பி.”

“சொந்தத் தம்பியா?”

“கூடப் பிறந்தவன்.”

கடிதங்களை மடித்து என் பக்கம் தள்ளினார். “ஒரு நாள் யோசிச்சுட்டு வாங்கம்மா. வாங்கிப் பதிவு பண்ணிட்டா அப்புறம் திருப்பிக் கொடுக்க முடியாது.”

“பத்து நாளா யோசிச்சுட்டேன் சார். எங்க கையெழுத்துப் போடணும்?”

விரல் நுனியெல்லாம் புண் என்பதால் பேனா பிடிக்கச் சிரமமாக இருந்தது. மூன்று இடத்தில் போட்டேன்.

இந்தக் கடிதத்தை இன்று தபாலில் சேர்க்க மாட்டேன். அவர்கள் உங்கள் கோடவுனுக்கு வந்து போய்விட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் சேர்ப்பேன். அதுவரை போனையும் முதலாளியம்மாவின் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறேன். உன்னைக் கூப்பிட்டு, ‘ஓடிப்போடா’ என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை.

வாலுவிடம் நீயே சொல்.

அக்கா