பாலைக் கன்றடியில் ஈரம்

18.7.1986, வெள்ளி. நெடுந்தீவு.

பாலை இந்த மண்ணின் மரம், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே வளர்த்துக் காட்டுகிறேன் என்று வைகாசியில் கோயில் வாசலில் வீரம் பேசியவன் நான். நட்ட மூன்றாம் கிழமையே கன்று வாடிவிட்டது. அன்றிலிருந்து தினமும் விடியுமுன் ஒரு செம்புத் தண்ணீரை ஒளித்துக்கொண்டுபோய் ஊற்றுகிறேன்.

இன்று போனால் கன்றடி ஏற்கனவே ஈரம். மழை பெய்து நாலு மாதம்.

பக்கத்து வளவு சிவராசாவின் வேலையாக இருக்கலாம். ஈரத்தைக் காட்டி என்னைப் பொய்யனாக்க அவன் நல்ல தண்ணீரையும் செலவழிப்பான். பின்னேரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, கன்று நல்ல பச்சையாக் கிடக்கு. களவாத் தண்ணி வாக்கிறியளோ?"

"சீ, அது தண்ணி கேக்காத சாதியடா!"

குசினிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்த என் மனைவி இருமினாள். அவளுக்கு இருமல் இல்லை.

"நீரோ கன்றுக்குத் தண்ணி ஊத்தினது?" என்று அவளைக் கேட்கலாம். "விடியக் காலமை உங்களுக்கு அங்கை என்ன வேலை?" என்பாள்.

இரண்டு பேர் ஊற்றினால் வேர் அழுகும். நாளைக்கு நான் போகாமல் விடலாம். ஆனால் அவளும் அப்படியே நினைத்துப் படுத்திருந்தால்?